காசில் 1992, கைக்கு வந்தது 1996: உக்ரைனின் முதல் நாணயங்களைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு

எதிர்வீட்டுப் பெண் உக்ரைனின் ஹார்கிவ் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். 2022 மார்ச்சில் போலந்து எல்லை வழியாக ஊர் வந்து சேர்ந்தபோது புத்தகம், துணிமணி எல்லாம் அங்கேயே போய்விட்டது, போட்டிருந்த ஜீன்ஸ் பையில் மட்டும் பதினேழு காசு கிடந்தது. "மாமா, நீங்கதானே இதெல்லாம் சேர்ப்பீங்க" என்று ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். அன்று ராத்திரி மேசையில் கொட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் 1992 என்று போட்டிருந்தது. சரி, சோவியத் உடைந்த கையோடு அச்சடித்துப் புழக்கத்தில் விட்டிருக்கிறார்கள், முப்பது வருஷமாக ஓடுகிறது என்று நானாக முடிவு செய்து நோட்டில் எழுதியும் வைத்தேன். தப்பு. அந்தத் தப்பைத் திருத்தப் போய்த்தான் இந்தச் சேகரிப்பே ஆரம்பித்தது. நான் முட்டிமோதித் தெரிந்துகொண்டதை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் சீக்கிரமாகத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் கதை. அது தெரியாமல் இந்தக் காசுகளைச் சேர்ப்பதில் ருசி இல்லை.

உக்ரைன் 1991 ஆகஸ்ட் 24-ல் சுதந்திரம் அறிவித்தது, டிசம்பர் 1-ல் நடந்த பொது வாக்கெடுப்பில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஆதரவு. நாடு கிடைத்துவிட்டது, ஆனால் கையில் இருந்த பணம் மாஸ்கோவின் ரூபிள். 1992 ஜனவரியில் கூப்பன் என்ற தற்காலிகக் காகிதப் பணத்தை விட்டார்கள், அதற்குக் கர்போவனெட்ஸ் என்று பெயர், அந்த நவம்பரிலிருந்து அதுதான் ஒரே செல்லுபடியான பணம். நிரந்தரப் பணத்துக்கு ஹ்ரிவ்னியா என்ற பழைய பெயரைத் தேர்ந்தெடுத்து (கீவ அரசர்கள் காலத்தில் வெள்ளிக் கட்டியின் எடைக்கு இருந்த பெயர் அது), நோட்டை கனடாவிலும் காசை இத்தாலியிலும் அடிக்க ஏற்பாடு செய்தார்கள். உள்நாட்டில் நாணயச்சாலை கிடையாது, அதனால் கிழக்கே லுஹான்ஸ்க் நகரில் துப்பாக்கித் தோட்டா செய்துகொண்டிருந்த ஆலையிலும் காசு அடித்தார்கள். யோசித்துப் பார்த்தால் பொருத்தம்தான், பித்தளையை அழுத்தி வடிவம் கொடுக்கும் இயந்திரமும் ஆட்களும் அங்கே ஏற்கெனவே இருந்தார்களே.

காசு தயார். ஆனால் வெளியே விட முடியவில்லை. 1993-ல் அந்நாட்டின் பணவீக்கம் பத்தாயிரம் சதவீதத்தைத் தாண்டியது. காலையில் ரொட்டி வாங்கிய பணத்துக்குச் சாயங்காலம் அது கிடைக்காது என்ற நிலையில் 50 கொபீய்கா என்ற சில்லறையைப் புழக்கத்தில் விட்டால் ஒரே மாதத்தில் அது வெறும் உலோகம். அப்போது தேசிய வங்கியின் தலைவராக இருந்தவர் விக்டர் யுஷ்சென்கோ, பின்னாளில் ஜனாதிபதியானவர். விலைவாசி அடங்கும்வரை புதுப் பணம் காத்திருந்தது. கடைசியில் 1996 செப்டம்பர் 2-ல்தான் ஹ்ரிவ்னியா வந்தது, ஒரு லட்சம் கர்போவனெட்ஸுக்கு ஒரு ஹ்ரிவ்னியா என்ற கணக்கில். இரண்டு வாரம் இரண்டு பணமும் ஓடின, அப்புறம் கூப்பன் காணாமல் போனது.

ஆக, 1992 என்று போட்ட உக்ரைன் காசை 1992-ல் அங்கே கடைத்தெருவில் ஒருவரும் கையில் தொட்டிருக்க வழியில்லை. நாலு வருஷம் காகிதப் பணம் ஆட்சி செய்தபோது இவை மூட்டை மூட்டையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அதனால் ஆண்டை மட்டும் பார்த்துச் சேர்க்கிறவருக்கு இந்தத் தொடர் ரொம்பச் சின்னது, சீக்கிரம் அலுத்துவிடும். அச்சையும் விளிம்பையும் உலோகத்தையும் பார்க்கக் கற்றுக்கொண்டவருக்கு இது முடியவே முடியாது.

எல்லையைப் போட்டுக்கொள்ளுங்கள்

உக்ரைன் காசு எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று இறங்காதீர்கள். அந்த தேசிய வங்கி வருஷாவருஷம் நினைவு நாணயங்களாக வெளியிட்டுத் தள்ளுகிறது, பர்ஸ் தாங்காது. 1992 முதல் 1996 வரை ஆண்டு போட்ட புழக்கக் காசுகள், அதோடு 1995, 1996-ல் வந்த கர்போவனெட்ஸ் நினைவு நாணயங்கள், இவ்வளவுதான் என் எல்லை. கீவில் சொந்த நாணயச்சாலை 1998-ல்தான் திறந்தார்கள், ஆகவே அதற்கு முந்தைய, சொந்த வீடு இல்லாத காலத்துக் காசுகள் என்று இதைச் சொல்லலாம்.

புழக்கக் காசு ஏழு வகை. 1, 2, 5, 10, 25, 50 கொபீய்கா, அப்புறம் 1 ஹ்ரிவ்னியா. நூறு கொபீய்கா ஒரு ஹ்ரிவ்னியா. 1-ம் 5-ம் எவர்சில்வர். 2 கொபீய்கா அலுமினியம், நம்ம ஊர்ப் பழைய சதுர ஐந்து பைசாவைக் கையில் வைத்தால் இருக்குமே, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும், அந்த மாதிரி. 10, 25, 50, 1 ஹ்ரிவ்னியா நான்கும் பித்தளை நிறம்.

இதில் ஒரு வேடிக்கை, 5 கொபீய்கா 24 மில்லிமீட்டர் விட்டம், ஆனால் 10 கொபீய்கா 16.3 மில்லிமீட்டர்தான். பெரிய காசுக்குக் குறைந்த மதிப்பு. முதல் நாள் நான் 5-ஐத்தான் பெரிய மதிப்பு என்று நினைத்து வரிசை வைத்தேன்.

எழுத்துப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

சிரிலிக் எழுத்து முழுக்கக் கற்க வேண்டாம், ஒரு சாயங்காலம் போதும். காசின் ஒரு பக்கம் திரிசூலம் மாதிரி ஒரு சின்னம், அதோடு நாட்டின் பெயரும் ஆண்டும். நாட்டின் பெயரில் மேலே இரண்டு புள்ளி வைத்த ஒற்றைக் கோடு எழுத்து ஒன்று வரும், "யி" என்ற ஒலி, ரஷ்ய மொழியில் அந்த எழுத்து கிடையாது. மறுபக்கம் கொபீய்கா என்ற சொல்லின் நடுவில் ஒற்றைப் புள்ளி வைத்த கோடு எழுத்து இருக்கும், அதுவும் ரஷ்யக் காசில் இருக்காது. இந்த இரண்டு புள்ளிக் கதை தெரிந்தால் கலப்படக் குவியலில் ரஷ்யக் காசு, சோவியத் காசு எல்லாவற்றையும் நொடியில் ஒதுக்கிவிடலாம். "உக்ரைன் 1991" என்று தலைப்புப் போட்டு சோவியத் காசை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். 1991 என்று போட்ட உக்ரைன் புழக்கக் காசே கிடையாது, அவ்வளவுதான், மேலே பேச்சே வேண்டாம்.

இன்னொன்று, மதிப்பைப் பொறுத்து சொல்லின் முடிவு மாறும். ஒன்றுக்கு கொபீய்கா, இரண்டுக்கு கொபீய்கி, ஐந்துக்கும் அதற்கு மேலும் கொபீயோக். இது அச்சுப் பிழை இல்லை, அவர்கள் இலக்கணம் அப்படி. பிழைக்காசு கிடைத்துவிட்டது என்று ஒரு நண்பர் எனக்குப் பாதி ராத்திரியில் படம் அனுப்பினார், அதனால்தான் சொல்கிறேன்.

அந்தத் திரிசூலம் பற்றியும் ஒரு வார்த்தை. 1992 பிப்ரவரியில் அதை அரசுச் சின்னமாக ஏற்றார்கள், ஆனால் அதன் மூலம் ஒரு காசுதான். ஆயிரம் வருஷத்துக்கு முன் கீவை ஆண்ட வொலோதிமிர் அரசன் வெளியிட்ட தங்க, வெள்ளிக் காசுகளில் இந்த வடிவம் இருக்கிறது. காசிலிருந்து கொடிக்கும் முத்திரைக்கும் போய் மறுபடி காசுக்கே திரும்பி வந்த சின்னம் என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்

நான்கு பொருள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே அது. இரண்டு தசமம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. விட்டம் அளக்கப் பிளாஸ்டிக் காலிப்பர், இரும்பு வேண்டாம், காசில் கீறல் விழும். ஒரு காந்தம். இவற்றுக்குச் செலவழிக்காமல் முதல் காசுக்குச் செலவழிக்கிறவர்கள் இரண்டாவது காசில் ஏமாறுவார்கள்.

எடையை ஒரு அட்டையில் எழுதித் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். 1 கொபீய்கா 1.5 கிராம், 2 கொபீய்கா 0.64 கிராம், 5 கொபீய்கா 4.3, 10 கொபீய்கா 1.7, 25 கொபீய்கா 2.9, 50 கொபீய்கா 4.2, ஹ்ரிவ்னியா 7.1 கிராம். தேய்ந்த காசில் கொஞ்சம் முன்பின் இருக்கும், பதற வேண்டாம். ஆனால் 50 கொபீய்கா 3.5 கிராம் காட்டினால் ஏதோ கோளாறு.

காந்தம் எதற்கு என்றால், பிற்காலத்தில், 2013 வாக்கிலிருந்து, 10, 25, 50 மூன்றையும் இரும்புத் தகட்டில் பித்தளை முலாம் பூசி அடிக்க ஆரம்பித்தார்கள். அவை ஒட்டும். 1990-களின் பித்தளைக் காசு ஒட்டக் கூடாது. 1992 என்று போட்ட 50 கொபீய்கா காந்தத்தில் பச்சக் என்று ஒட்டினால் அதைத் தனியே எடுத்து வையுங்கள், அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

எங்கே, எப்படி வாங்குவது

முதல் பதினைந்து இருபது காசை ஒற்றை ஒற்றையாக வாங்காதீர்கள், எடைக் கணக்கில் கலந்து விற்கும் குவியலாக வாங்குங்கள். 1, 2, 5 கொபீய்காக்களை 2019 அக்டோபரிலும் 25 கொபீய்காவை அடுத்த ஆண்டிலும் அந்நாடு புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. வீட்டு ஜாடிகளில் கிடந்தது எல்லாம் சேகரிப்பாளர் பக்கம் வந்துவிட்டதால் சாதாரணக் காசுக்கு விலை என்று ஒன்று இல்லவே இல்லை, நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் தபால் செலவு. உக்ரைன்காரர்களே புழங்கும் வயோலிட்டி என்ற ஏலத் தளம் இருக்கிறது, அங்கே நேரடியாக வாங்க முடியாவிட்டாலும் முடிந்துபோன ஏலங்களின் படங்களைப் பார்ப்பதே ஒரு படிப்பு. போலந்து, ஜெர்மனி விற்பனையாளர்களிடமிருந்து வருவது போர்க்காலத்தில் கொஞ்சம் நிச்சயமான வழி. உள்ளூரில் மருத்துவம் படிக்கப் போய்த் திரும்பிய பிள்ளைகள் யாராவது தெரிந்திருந்தால் கேளுங்கள், பழைய பர்ஸில் இல்லாமல் இருக்காது. ஆனால் அவர்களிடம் காசு கேட்கும் முன், அங்கே விட்டுவிட்டு வந்ததைப் பற்றி அவர்கள் பேச நினைத்தால் உட்கார்ந்து கேளுங்கள்.

குவியல் வந்ததும் ஒரு துணியை விரித்து, முதலில் மதிப்பு வாரியாக, பிறகு ஆண்டு வாரியாகப் பிரியுங்கள். 1996-க்குப் பிறகானதை எல்லாம் ஒரு டப்பாவில் தள்ளிவிடலாம், நம் எல்லைக்கு வெளியே. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், எல்லா மதிப்பும் எல்லா ஆண்டும் இருக்காது, காலி இடம் இருந்தால் எதையோ தவறவிட்டோம் என்று அர்த்தமில்லை. 1992-ல் 1, 5, 10, 25, 50 கிடைக்கும். 2 கொபீய்காவை எளிதாகப் பிடிக்க 1993, 1994 பாருங்கள். ஹ்ரிவ்னியாக் காசுக்கு 1995, 1996. 1992 என்று போட்ட 2 கொபீய்காவும் 1992 என்று போட்ட 1 ஹ்ரிவ்னியாவும் மிக அரிய காசுகள், பெரிய பணம் கைமாறும் சரக்கு. அதாவது குவியலில் வராது, யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

நான் கட்டிக்கொள்ளவில்லை. ஆரம்பித்து ஆறேழு மாதத்தில், ஒரு வெளிநாட்டு விற்பனையாளர் 1992-ன் 2 கொபீய்கா என்று ஒன்றைப் போட்டிருந்தார், சந்தை விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. படம் மங்கல். எனக்கு மட்டும்தான் இதன் அருமை தெரியும், அந்த ஆளுக்குத் தெரியவில்லை என்ற அந்தப் பாழாய்ப்போன சந்தோஷம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். வந்ததும் தராசில் வைத்தேன், 0.64. துள்ளிக் குதித்தேன். அடுத்த நாள் நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கடைசி இலக்கத்தைச் சுற்றி மட்டும் தரை மினுமினுப்பு மாறியிருக்கிறது, நுண்ணிய சுரண்டல் கோடுகள். 1993-ன் மூன்றை இழைத்து இரண்டாக்கியிருக்கிறார்கள். அலுமினியம் மெத்தென்று இருக்கும், குண்டூசி போதும். காசு அசல்தான், அதனால் எடை சரியாகத்தானே காட்டும், தராசு பாவம் என்ன செய்யும்? விற்றவர் பதிலே போடவில்லை. அந்தக் காசை இன்னும் வைத்திருக்கிறேன், 1992-ன் 50 கொபீய்காவில் உள்ள "2" எப்படி வளைகிறது என்பதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க. ஆண்டைச் சந்தேகித்தால் அதே ஆண்டின் வேறு மதிப்புக் காசை எடுத்து இலக்கத்தின் வளைவை ஒப்பிடுங்கள், இது எனக்குக் காசு கொடுத்துக் கிடைத்த பாடம்.

விளிம்பும் பழக்கொத்தும்

இனிமேல்தான் விஷயம். 1992-ன் 50 கொபீய்கா ஒரு பத்தை எடுத்து வரிசையாக வையுங்கள். எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். விளிம்பைப் பாருங்கள். 25-லும் 50-லும் விளிம்பு முழுக்கத் தொடர்ச்சியாகக் கோடு இருக்காது, கொஞ்ச தூரம் கோடுகள், கொஞ்ச தூரம் வழவழ, மறுபடி கோடுகள் என்று துண்டு துண்டாக வரும். அந்தக் கோடுகள் சில காசில் பெரிதும் அகலமுமாக, சில காசில் சிறிதும் நெருக்கமுமாக இருக்கும். பெரிய கோடு, சிறு கோடு என்று முதலில் இரண்டு குவியலாகப் பிரியுங்கள். விரல் நகத்தை ஓட்டினாலே பழகியவர்களுக்குத் தெரிந்துவிடும், எனக்கு இன்னும் லென்ஸ் வேண்டும்.

அடுத்தது அலங்கார வேலைப்பாடு. அதில் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பழக்கொத்து இருக்கும். உக்ரைன் சேகரிப்பாளர்கள் கொத்தில் எத்தனை பழம் என்று எண்ணுவார்கள். ஐந்து பழம் உள்ளது சாதாரணம். நான்கு பழம் உள்ளதை "நாலு பழத்தான்" என்கிற பொருளில் ஒற்றைச் சொல்லால் சொல்வார்கள், அது வந்தால் கொண்டாட்டம், ஏலத்தில் தனி மரியாதை. ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு, ஒரே உலோகம், ஒரு பழம் குறைவு, விலை எங்கேயோ போய்விடுகிறது. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள், சொல்லாதீர்கள்.

ஏன் இவ்வளவு வேறுபாடு என்று கேட்டால், இத்தாலியில் கொஞ்சம், லுஹான்ஸ்கில் கொஞ்சம் என்று இரண்டு இடத்தில் வேலை நடந்தது, அச்சு தேயத்தேயப் புதிது செதுக்க வேண்டும், செதுக்கும்போது இலையின் நரம்பு, சூலத்தின் முனை, எழுத்தின் இடைவெளி எதிலாவது மாறும். அந்த வேறுபாடுகளை எல்லாம் அந்நாட்டு ஆர்வலர்கள் பொறுமையாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். முன்பக்க அச்சு, பின்பக்க அச்சு, விளிம்பு மூன்றையும் எண்ணும் எழுத்துமாகச் சேர்த்து ஒரு குறியீடு கொடுப்பார்கள். விற்பனைப் பட்டியலில் மதிப்புக்குப் பக்கத்தில் புரியாத எண்-எழுத்துக் கோவை பார்த்தால் அது இதுதான். முதல் வருஷம் அந்தக் குறியீட்டின் பக்கமே போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். பெரிய கோடு, சிறு கோடு, பழ எண்ணிக்கை, இவ்வளவு போதும். கண் பழகின பிறகு குறியீடு தானாகப் புரியும், கண் பழகாமல் குறியீட்டை மனப்பாடம் செய்தவர்கள் சண்டைதான் போடுகிறார்கள்.

படம் எடுத்துப் பாருங்கள். போனில் எடுத்தால் போதும், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, எல்லாக் காசையும் ஒரே திசையில் சூலம் நேராக இருக்கும்படி. பிறகு பெரிதாக்கி இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள். நேரில் பார்த்தபோது தப்பியது படத்தில் பல்லிளிக்கும்.

கள்ளக்காசும் ஒரு சரக்கு

காந்தத்தில் ஒட்டிய 1992-ஐத் தனியே வைக்கச் சொன்னேனே. இந்தத் தொடரில் போலி இரண்டு வகை. ஒன்று எனக்கு விற்றது மாதிரி, சேகரிப்பாளரை ஏமாற்றச் செய்தது. அதைத் தவிர்க்க வேண்டும். இன்னொன்று, ஹ்ரிவ்னியா வந்த காலத்தில் கடையில் செலவழிக்கவே அடித்த கள்ளக்காசு, 25-லும் 50-லும் இருக்கிறது. 50 கொபீய்காவைப் போய்க் கள்ளமாக அடிப்பார்களா என்று தோன்றும், ஆனால் அப்போது இரண்டு ஹ்ரிவ்னியா கொடுத்தால் ஒரு டாலருக்கு மேல் கிடைக்கும், நான்கு 50 கொபீய்கா என்றால் சும்மாவா. எழுத்து தடித்து, சூலம் கோணலாக, விளிம்பு ஏனோதானோ என்று இருக்கும். இந்த இரண்டாம் வகையை நான் தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன், போலி என்று சீட்டு எழுதி. பணவீக்கம் அடங்கிச் சில்லறைக்கே மதிப்பு வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி என்னிடம் வேறு இல்லை. ஆனால் யாருக்கும் விற்காதீர்கள், கொடுத்தாலும் சீட்டோடு கொடுங்கள்.

இரண்டு லட்சம் என்று போட்ட காசு

சில்லறைக் காசு வெளிவரும் முன்பே, 1995-ல், உக்ரைன் நினைவு நாணயம் வெளியிட ஆரம்பித்தது. முதலாவது இரண்டாம் உலகப் போர் வெற்றியின் ஐம்பதாம் ஆண்டுக்கு. செம்பு-நிக்கல், 33 மில்லிமீட்டர், பதினான்கு கிராமுக்குக் கொஞ்சம் மேல், கையில் கனமாக உட்காரும். மதிப்பு 2,00,000 கர்போவனெட்ஸ். இரண்டு லட்சம்! அடுத்த ஆண்டு செப்டம்பர் கணக்குப்படி அது இரண்டே இரண்டு ஹ்ரிவ்னியா. வெள்ளியில் அடித்ததில் இருபது லட்சம் வரை போட்டார்கள். பணவீக்கத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் படிப்பதற்கு இந்த ஒரு காசைப் பிள்ளைகள் கையில் கொடுத்து "இதுக்கு அப்போ என்ன வாங்கலாம் சொல்லு" என்று கேட்கலாம்.

செம்பு-நிக்கலில் கிடைப்பவற்றில் பதினேழாம் நூற்றாண்டுப் படைத்தலைவர் பொஹ்தான் ஹ்மெல்னித்ஸ்கி, ஐ.நா. சபையின் ஐம்பது ஆண்டு, வீர நகரங்கள் நான்கு, செர்னோபில் விபத்தின் பத்தாம் ஆண்டு, கவிஞர் லெஸ்யா உக்ராயின்கா, வரலாற்றாசிரியர் ஹ்ருஷெவ்ஸ்கி எல்லாம் உண்டு. வீர நகரங்கள் என்பது சோவியத் காலப் பட்டம், கீவ், ஒடேசா, செவஸ்தோபோல், கெர்ச். இவற்றில் கடைசி இரண்டும் கிரிமியாவில் இருப்பவை, 2014-லிருந்து ரஷ்யாவின் பிடியில். காசடித்த லுஹான்ஸ்க் நகரமும் அதே ஆண்டு கீவின் கையை விட்டுப் போனது. நான்கையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறேன், விருந்தினர் வந்தால் அதைத்தான் முதலில் காட்டுவது.

இந்த நினைவு நாணயங்களை மட்டும் குவியலில் தேடாதீர்கள், ஒற்றையாக, உறையோடு, கீறலில்லாமல் வாங்குங்கள். பளபளப்பான பரப்பில் ஒரு விரல் ரேகை பட்டாலும் நிரந்தரம். எனக்கு முதலில் செர்னோபில்தான் வாங்கத் தோன்றியது, நீங்கள் எதில் தொடங்கினாலும் சரி, ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்கிவிடாதீர்கள், பிறகு தேட ஒன்றும் இருக்காது.

துலக்காதீர்கள்

பித்தளை என்றதும் நம் கை தானாகப் புளிக்குப் போகும். விபூதி, எலுமிச்சை, பாத்திரப் பொடி எதுவும் வேண்டாம். குத்துவிளக்கு வேறு, காசு வேறு. துலக்கின காசு பளிச்சென்று இருக்கும், லென்ஸில் பார்த்தால் வைக்கோல்போர் மாதிரி கோடு, அதோடு அதன் விலையும் போயிற்று. ஒட்டுப் பிசுக்கு இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, தேய்க்காமல் மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள், அதற்கு மேல் கை வைக்காதீர்கள். அலுமினிய 2 கொபீய்காவில் வெள்ளைப் பூஞ்சை மாதிரிப் படிந்திருந்தால் அது போகாது, வேறு வாங்குங்கள், மலிவுதான்.

வைப்பதற்கு, நடுவில் வட்டமாகப் படலம் உள்ள அட்டைச் சட்டம் நல்லது. அந்த மெத்தென்ற, வாசனை அடிக்கும் பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம், ஒரு மழைக்காலம் போனால் பித்தளையில் பச்சையாகப் பிசுபிசுக்கும். கடலோர ஊரில் இருப்பவர்கள் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறினால் மாற்றுங்கள். அட்டையை ஸ்டேப்பிள் செய்யும்போது பின்னை இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த காசைக் கீறும், என் 1 ஹ்ரிவ்னியா ஒன்று அப்படித்தான் போனது.

அட்டையின் மேல் நான் எழுதுவது இப்படி: மதிப்பு, உலோகம், என் தராசில் காட்டிய எடை, விளிம்பு பெரிதா சிறிதா, பழம் எத்தனை, எங்கிருந்து வந்தது. ஆண்டுக்கு மட்டும் இரண்டு வரி. மேல் வரியில் காசில் உள்ளது, 1992. கீழ் வரியில் அது கடைக்குப் போன நாள், 2-9-1996. எதிர்வீட்டுப் பெண் கொடுத்த பதினேழுக்கும் மூன்றாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன், மார்ச் 2022, ஹார்கிவிலிருந்து.